தொலைவும் விரைவும்

நுழையும்முன்

விடியலுக்கு முன்பே எழுந்து ஊர்ச்சாலையில் ஓடும் இளைஞர்களை நாம் நாள்தோறும் காண்கிறோம். காவலர் தேர்வு, படைத்தேர்வு, மாவட்டத் தடகளப் போட்டி, மாரத்தான் என ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கு உண்டு. இலக்கு இருந்தும் அவர்களுள் பலர் இரண்டு மூன்று திங்களுக்குள் கீழ்க்காலில் வலி கண்டு ஓட்டத்தை நிறுத்திவிடுகின்றனர். உழைப்புக் குறைந்ததால் நேர்ந்த தடையன்று அது; உழைப்பைப் பங்கிடத் தெரியாமையால் நேர்ந்தது. எவ்வளவு தொலைவு ஓடுவது, அத்தொலைவில் எவ்வளவு பங்கை விரைந்து ஓடுவது என்னும் இரு வினாக்களையும் ஒன்றாக வைத்து எண்ணிப் பார்க்கிறது இப்பாடம்.

மூன்று நொடி இடைவெளி

2017ஆம் ஆண்டு சூலைத் திங்களில் ஒடிசா மாநிலத் தலைநகரான புவனேஸ்வரில் ஆசியத் தடகள வாகையர் போட்டிகள் நடைபெற்றன. அவற்றுள் ஒன்று 10,000 மீட்டர் ஓட்டம். 400 மீட்டர் ஓடுபாதையை 25 முறை சுற்றவேண்டும். அதில் முதலாவதாக வந்தவர் நம் புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த கோவிந்தன் லட்சுமணன். அவர் எடுத்துக்கொண்ட நேரம் 29 நிமிடம் 55.87 நொடி. அதே போட்டிகளில் 5,000 மீட்டர் ஓட்டத்தின் தங்கமும் அவருக்கே கிடைத்தது. 10,000 மீட்டரில் அவருக்கு மூன்றே நொடி பின்னால் வந்து வெள்ளி வென்றவர் கேரளத்தின் வயநாட்டைச் சேர்ந்த கோபி தொனக்கல்.

லட்சுமணனின் இரட்டைத் தங்கம் தமிழ்நாட்டில் பெரிதும் பேசப்பட்டது, பேசப்படவேண்டியதுதான். ஆயினும், நம் பாடத்துக்கு வேண்டிய சான்று இரண்டாவதாக வந்தவரிடம் இருக்கிறது. கோபி அடிப்படையில் மாரத்தான் ஓட்டக்காரர். அதற்கு முந்தைய ஆண்டு ரியோ ஒலிம்பிக் மாரத்தானில் 2 மணி 15 நிமிடம் 25 நொடியில் ஓடி 25ஆம் இடம் பெற்றவர். புவனேஸ்வர் ஓட்டம் முடிந்து நான்கு திங்கள் கழித்து, அதே ஆண்டு நவம்பரில், சீனாவின் டோங்குவான் நகரில் நடந்த ஆசிய மாரத்தான் போட்டியில் 2 மணி 15 நிமிடம் 48 நொடியில் ஓடித் தங்கம் வென்றார். அப்பட்டத்தை வென்ற முதல் இந்திய ஆடவர் அவரே.

இவ்விரு ஓட்டங்களையும் ஒரு சிறு கணக்குக்கு உட்படுத்துவோம். புவனேஸ்வரில் கோபி ஒவ்வொரு கிலோமீட்டரையும் ஏறத்தாழ 3 நிமிடத்தில் ஓடினார். டோங்குவானில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 3 நிமிடம் 13 நொடி. தொலைவு நான்கு மடங்குக்கும் மேல் கூடியும் வேகம் கிலோமீட்டருக்கு 13 நொடி மட்டுமே குறைந்தது. தட்பவெப்பமும் போட்டியின் போக்கும் இரண்டிடங்களிலும் வேறு என்பதால் இதனைத் துல்லியமான ஒப்பீடாகக் கொள்ளவியலாது. எனினும் ஒன்று விளங்குகிறது. 10 கிலோமீட்டரைக் கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 30 நொடி என்னும் வேகத்துக்குமேல் ஓட இயலாத ஒருவர், மாரத்தானை 3 நிமிடம் 13 நொடி வேகத்தில் ஓடுவது நடவாத செயல். குறுகிய தொலைவில் ஒருவர் எட்டும் வேகமே, நெடுந்தொலைவில் அவர் எட்டக்கூடிய வேகத்துக்கு மேல்வரம்பாக நிற்கிறது. அவ்வரம்பை உயர்த்துவது விரைவுப் பயிற்சி. அவ்வரம்புக்கு மிகக் கீழே சரிந்துவிடாமல் 42 கிலோமீட்டரும் தாக்குப்பிடிக்கச் செய்வது தொலைவுப் பயிற்சி.

நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரும் இதே நிலைதான். பீகாரைச் சேர்ந்த படைவீரர் சிவநாத் சிங், 1974இல் தெகரானில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 5,000 மீட்டரில் தங்கமும் 10,000 மீட்டரில் வெள்ளியும் வென்றார். ஓடுபாதையில் கூர்தீட்டிய அவ்வேகத்தோடுதான் மாரத்தானுக்கு வந்தார். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் 11ஆம் இடம். 1978இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் மாரத்தானை முடித்தார். வெறுங்காலில் ஓடிப் பெயர்பெற்ற அவர் நிறுவிய அத்தேசியச் சாதனை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எவராலும் முறியடிக்கப்படாமல் இருந்தது. ஓடுகாலணியிலும் ஊட்டப் பானங்களிலும் எத்தனையோ மாற்றங்கள் வந்த பின்னும் அந்நேரம் அசையவில்லை என்பது வியப்புக்குரியது.

தசைக்குள் நிகழ்வது

மெல்ல ஓடினால் மெல்ல ஓடத்தானே பழகும், விரைந்து ஓட எப்படிப் பழகும் என்னும் ஐயம் இளைஞர்கள் பலருக்கும் உண்டு. நியாயமான ஐயம். இதற்கு விடை காண உயிரியல் பாடத்தைச் சற்றே துணைக்கு அழைக்கவேண்டும்.

ஓடும் தசைக்கு ஆற்றல் இருவழிகளில் கிடைக்கிறது. ஆக்சிஜன் போதிய அளவில் வந்தடையும்போது, தசைச் செல்லிலுள்ள மைட்டோகாண்ட்ரியாக்கள் கொழுப்பையும் சர்க்கரையையும் முழுமையாக எரித்து ஏ.டி.பி. மூலக்கூறுகளை உண்டாக்குகின்றன. வேகம் மிகும்போது தேவைப்படும் ஆற்றல் இவ்வழியில் போதாமல், ஆக்சிஜன் இன்றிச் சர்க்கரையைச் சிதைக்கும் மற்றொரு வழியும் விரைந்து செயற்படுகிறது. அப்போது லாக்டேட் பெருகுகிறது. இதனை நச்சுக் கழிவு என்று முன்னர் எண்ணினர். இதயத் தசையும் ஓய்வாக இயங்கும் தசைகளும் லாக்டேட்டை எரிபொருளாக ஏற்றுக்கொள்கின்றன என்பது இப்போது தெளிவாகியுள்ளது. உண்டாகும் லாக்டேட்டை உடல் செலவிட்டு முடிக்க இயலாத வேகம் ஒன்று ஒவ்வொருவருக்கும் உண்டு. அவ்வேகத்தைத் தாண்டினால் மூச்சு இரைக்கும், கால்கள் கனக்கும், சில நிமிடங்களில் வேகம் தானாகவே குறையும். நன்கு பயின்ற ஒருவர் ஏறத்தாழ ஒரு மணிநேரம் தொடரக்கூடிய வேகமே அந்த எல்லை வேகம்.

மெல்லோட்டம் இங்கேதான் தன் பணியைச் செய்கிறது. பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் வாரக்கணக்கில், திங்கள்கணக்கில் ஓடும்போது தசைச் செல்களில் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகுகின்றன. தசையிழைகளைச் சூழ்ந்துள்ள இரத்தத் தந்துகிகள் கூடுகின்றன. இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு மிகுகிறது. கொழுப்பை எரிக்கும் திறன் வளர்கிறது. இவற்றுள் எதுவும் ஒரு வாரத்தில் நிகழ்வதன்று. குளத்தைத் தூர்வாரிக் கொள்ளளவைப் பெருக்கும் பணிக்கு இதனை ஒப்பிடலாம். தூர்வாரும் நாளில் வயலுக்கு ஒரு சொட்டு நீரும் கூடுதலாகப் பாய்வதில்லை.

கொழுப்பை எரிக்கும் திறன் ஏன் இவ்வளவு முதன்மை பெறுகிறது? ஓர் ஓட்டக்காரர் ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குத் தம் எடையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவிடுகிறார். 55 கிலோகிராம் எடையுள்ளவர் மாரத்தானை முடிக்க 2,300 கிலோகலோரி வேண்டும். தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜனாகச் சேமிக்கப்படும் சர்க்கரையோ ஏறத்தாழ 2,000 கிலோகலோரிக்கே போதும். கொழுப்பின் துணையை மிகுதியாகப் பெறாதவருக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டியதும் கிளைக்கோஜன் வற்றத் தொடங்குகிறது. கால்கள் நகர மறுக்கின்றன. மேலைநாட்டு ஓட்டக்காரர்கள் இதனைச் ‘சுவரில் முட்டுதல்’ என்பர். முதல் 20 கிலோமீட்டரில் எல்லாரையும் முந்திச் சென்றவர் 35ஆம் கிலோமீட்டரில் நடந்துகொண்டிருப்பதை எந்த மாரத்தானிலும் காணலாம். அவரிடம் விரைவு இருந்தது, தொலைவு இல்லை.

விரைவுப் பயிற்சி செய்யும் பணி வேறு. உடல் ஒரு நிமிடத்தில் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவை அது உயர்த்துகிறது. எல்லை வேகத்தை மேலே தள்ளுகிறது. மெல்லோட்டத்தில் உறங்கிக்கிடக்கும் விரைவுத் தசையிழைகளை எழுப்பி வேலை வாங்குகிறது. காலடி தரையில் படும் நேரம் குறைந்து, அதே வேகத்துக்கு ஆகும் ஆற்றல் செலவும் குறைகிறது. இப்பயன்கள் ஒப்பீட்டளவில் விரைவாகவே கிட்டும். ஆறு முதல் எட்டு வாரங்களில் நேரத்தில் மாற்றம் தெரியும். அதனால்தான் இளைஞர்கள் விரைவுப் பயிற்சியை விரும்புகின்றனர். அதனால்தான் அளவு மீறவும் செய்கின்றனர்.

தெரிந்து தெளிவோம்

மாரத்தான் ஓட்டத்தின் தொலைவு 42.195 கிலோமீட்டர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்ட தொலைவு இது. 1921இல் பன்னாட்டுத் தடகளக் கூட்டமைப்பு இதனையே நிலையான தொலைவாக ஏற்றது. 2023 அக்டோபர் 8 அன்று சிகாகோ நகரில் கென்யாவின் கெல்வின் கிப்டம் இதனை 2 மணி 35 நொடியில் ஓடி உலகச் சாதனை படைத்தார். பள்ளித் திடலின் 400 மீட்டர் ஓடுபாதையில் ஒரு சுற்றை 69 நொடிக்குள் ஓடி, அவ்வேகம் குறையாமல் 105 சுற்றுகளுக்கு மேல் தொடர்வதற்கு இது நிகர்.

இருவர் காட்டிய இரு வழிகள்

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் காலணித் தொழிற்சாலையில் பணியாற்றிய ஆர்தர் லிடியார்டு, தம் உடலையே ஆய்வுக்களமாகக் கொண்டு பல ஆண்டுகள் ஓடிப் பார்த்தார். வாரத்துக்கு 160 கிலோமீட்டர் என்னும் அளவை வந்தடைந்தார். தம் பகுதி இளைஞர்களுக்கும் அவ்வாறே பயிற்சியளித்தார். அவர்களுள் ஒருவரான பீட்டர் ஸ்னெல் 800 மீட்டர் ஓட்டக்காரர். இரண்டே சுற்றுகள் ஓடப்போகிறவர் ஞாயிறுதோறும் 35 கிலோமீட்டர் மலைச்சாலையில் ஓடுவது எதற்காக என்று பலர் நகைத்தனர். 1960 ரோம் ஒலிம்பிக்கில், செப்டம்பர் 2 அன்று, ஸ்னெல் 800 மீட்டரிலும் அவர்தம் தோழர் முர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் ஒரே மாலையில் தங்கம் வென்றனர். அதே குழுவின் பாரி மகீ மாரத்தானில் வெண்கலம் பெற்றார். நகைப்பு அடங்கியது. லிடியார்டின் முறையில் விரைவு ஒதுக்கப்படவில்லை என்பதைக் கருதவேண்டும். முதலில் பல வாரங்கள் தொலைவு. பின்னர் மேட்டில் ஏறி ஓடுதல். போட்டி நெருங்கும்போது விரைவு. நிலத்தை உழுது பண்படுத்திய பின்னரே விதைப்பு என்னும் வரிசை அது.

செக்கோஸ்லோவாகியாவின் எமில் சாட்டோபெக் எதிர்த்திசையில் நடந்தார். 400 மீட்டர் விரைந்து ஓடுவார். சிறிது தொலைவு மெல்ல ஓடி மூச்சு வாங்குவார். மீண்டும் 400 மீட்டர். இதனை ஒரே நாளில் பலப்பல முறை செய்வார். காட்டுப்பாதையில் படைவீரர் காலணியோடு ஓடிய கதையும் உண்டு. 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். மாரத்தானில் அவர் கால்வைத்தது அதுவே முதன்முறை. மேலோட்டமாகப் பார்த்தால், விரைவே போதும் என்பதற்கு இவர் சான்றாகத் தோன்றுவார். ஆனால், அவர் ஒரு நாளில் ஓடிய சுற்றுகளையும் இடையிட்ட மெல்லோட்டத்தையும் கூட்டிப் பார்த்தால் தொலைவு மலைக்கவைக்கும். விரைவைத் துண்டுதுண்டாக வெட்டி, அத்துண்டுகளாலேயே தொலைவையும் அவர் கட்டினார். அத்தகைய உடல் ஆயிரத்தில் ஒருவருக்கும் வாய்ப்பதரிது என்பதையும் மறவாதிருத்தல் நலம்.

பின்வந்தோர் இருவரிடமும் கற்றனர். நார்வேயில் பணியாற்றும் உடலியங்கியல் அறிஞர் ஸ்டீபன் சைலர், உலகத்தரம் வாய்ந்த ஓட்டக்காரர்கள், படகோட்டிகள், பனிச்சறுக்கு வீரர்கள் ஆகியோரின் பயிற்சிக் குறிப்புகளை ஆராய்ந்தார். அவர்களின் பயிற்சியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு மிக எளிய வேகத்தில் அமைந்திருந்தது. எஞ்சிய ஒரு பங்கே கடுமையானது. நாடு, மொழி, விளையாட்டு எல்லாம் வேறு. விகிதம் மட்டும் ஏறத்தாழ ஒன்று.

நடுவேகம் என்னும் பொறி

நம் ஊர்ச்சாலைகளுக்குத் திரும்புவோம். காவலர் தேர்வுக்குப் பயிலும் ஓர் இளைஞர் குழுவைக் கவனியுங்கள். நாள்தோறும் அதே 5 கிலோமீட்டர். நாள்தோறும் யார் முந்துவது என்னும் போட்டி. மூச்சு இரைக்க ஓடி முடித்து, கைபேசியில் நேரத்தைப் பார்த்து, நேற்றைவிட 10 நொடி குறைந்ததா எனக் கணக்கிடுகின்றனர். முதல் மாதத்தில் நேரம் குறையும். இரண்டாம் மாதத்தில் அப்படியே நிற்கும். மூன்றாம் மாதத்தில் ஒருவருக்குக் கீழ்க்கால் எலும்பின் உட்புறம் வலிக்கும். மற்றொருவருக்குக் குதிகால் தசைநாண் வீங்கும்.

இவர்கள் ஓடிய வேகத்தை நோக்கினால் காரணம் புலப்படும். அது மெல்லோட்டமும் அன்று. உண்மையான விரைவோட்டமும் அன்று. மைட்டோகாண்ட்ரியாக்களைப் பெருக்கும் அளவுக்கு நீண்ட நேரம் ஓட அவ்வேகம் இடம் தராது. ஆக்சிஜன் பயன்பாட்டின் உச்சத்தைத் தொடவும் அவ்வேகம் போதாது. களைப்பை மட்டும் நிறையத் தரும். நாளை விரைந்து ஓடவேண்டிய கால்களை இன்றைய நடுவேகம் தின்றுவிடுகிறது. எளிய நாளை எளியதாக வைத்துக்கொள்ளத் தெரிந்தவருக்கே கடுமையான நாளில் கடுமையாக ஓடும் வலிமை எஞ்சியிருக்கும். எழுதப் படிக்க எளிதான இவ்விதி, நண்பன் முந்திச் செல்லும்போது கடைப்பிடிக்க மிக அரியது. கால்களைவிடத் தன்மானம்தான் இதில் மிகுதியாகப் பயிற்சி பெறவேண்டியிருக்கிறது.

ஒரு வாரத்தின் அமைப்பு

மாரத்தானுக்குப் பயிலும், வாரத்துக்கு 80 கிலோமீட்டர் ஓடும் அளவுக்கு முன்னேறிய வளர்ந்த ஒருவரின் வாரத்தை எடுத்துக்கொள்வோம். திங்களன்று ஓய்வு. செவ்வாயன்று 12 கிலோமீட்டர் மெல்லோட்டம். புதனன்று 14 கிலோமீட்டர். ஆனால் அதனுள் 1,000 மீட்டரை விரைந்து ஓடுவது ஆறு முறை, ஒவ்வொன்றுக்கும் இடையே சிறிது மெல்லோட்டம், முன்னும் பின்னும் உடலைச் சூடேற்றவும் தணிக்கவும் மெல்லோட்டம். வியாழனன்று 10 கிலோமீட்டர் மிக எளிதாக. வெள்ளியன்று 12 கிலோமீட்டர். நடுவே 6 கிலோமீட்டர் எல்லை வேகத்தில். சனியன்று 6 கிலோமீட்டர், கால்களைத் தளர்த்த. ஞாயிறன்று 26 கிலோமீட்டர் நெடிய ஓட்டம், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில்.

மொத்தம் 80 கிலோமீட்டர். உண்மையாகவே விரைந்து ஓடியது புதனன்று 6, வெள்ளியன்று 6, ஆக 12 கிலோமீட்டர். அதாவது 15 விழுக்காடு. கடுமையான நாள்கள் இரண்டும் அடுத்தடுத்து வராதபடி இடையில் ஒரு மெல்லிய நாள் நிற்பதைக் காண்க. தசை வலுப்பெறுவது ஓடும்போதன்று. ஓடியதால் நேர்ந்த நுண்ணிய சிதைவுகளை ஓய்விலும் உறக்கத்திலும் உடல் செப்பனிடும்போதுதான்.

தொலைவைக் கூட்டும்போது விரைவைக் கூட்டாதிருப்பதும், விரைவைக் கூட்டும்போது தொலைவைக் கூட்டாதிருப்பதும் பயிற்றுநர்கள் கடைப்பிடிக்கும் வழக்கம். இரண்டையும் ஒருங்கே ஏற்றினால் உடல் எதற்கு ஈடுகொடுக்கும்? வாரத்தொலைவை முந்தைய வாரத்தைவிடப் பத்து விழுக்காட்டுக்குமேல் உயர்த்தலாகாது என்பதும் அவர்கள் சொல்வதே. இது கைக்கணக்கு, இயற்கை விதியன்று. வாரத்துக்கு 10 கிலோமீட்டர் ஓடுபவர் 12 ஆக்கினால் கேடில்லை. 100 ஓடுபவருக்குப் பத்துகூட மிகையாகலாம். மூன்று வாரம் ஏற்றியபின் நான்காம் வாரம் தொலைவைக் குறைத்துக்கொள்வது பலருக்கும் நலம் தருகிறது.

கிப்டம் வாரத்துக்கு 250 முதல் 280 கிலோமீட்டர் வரை ஓடினார் என்று அவருடைய பயிற்றுநரே கூறியதுண்டு. இவ்வாறே தொடர்ந்தால் உடல் முறிந்துபோகும் என்னும் அச்சத்தையும் அவர் மறைக்கவில்லை. 2024 பிப்ரவரியில் சாலை விபத்தொன்றில் 24 வயதிலேயே கிப்டம் மறைந்தார். அந்த அச்சம் மெய்யாகியிருக்குமா என்னும் வினா விடையின்றி நின்றுவிட்டது.

மலையடியும் கரிசலும்

பயிற்சித் திட்டம் தாளில் எண்ணாக இருக்கும். ஓடும் இடம் அவ்வெண்ணை மாற்றிவிடும். இதற்குத் தென்காசி மாவட்டத்தைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. மேற்கே குற்றாலமும் செங்கோட்டையும் மலையடி ஊர்கள்; சூன் முதல் ஆகஸ்டு வரை சாரலும் குளிரும். கிழக்கே திருவேங்கடம் வட்டாரம் கரிசல் பூமி. மலைநிழல் அங்கு எட்டுவதில்லை. அதே சூலைத் திங்களில் அங்கு வெயில் காய்ந்துகொண்டிருக்கும். ஒரே மாவட்டம், ஒரே காலம், இருவேறு வானிலை.

வெப்பத்தில் ஓடும்போது இதயம் இரு பணிகளைச் செய்யவேண்டியுள்ளது. தசைக்கு ஆக்சிஜனும் அனுப்பவேண்டும்; உடலைக் குளிர்விக்கத் தோலுக்கும் இரத்தம் அனுப்பவேண்டும். வியர்வையால் நீர் குறையக் குறைய இரத்தத்தின் அளவும் குறைகிறது. குற்றாலச் சாரலில் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் என்பது மெல்லோட்டமாக இருந்தவருக்கு, திருவேங்கடத்தின் காலை ஒன்பது மணி வெயிலில் அதே 6 நிமிடம் கடும் ஓட்டமாகிவிடும். கடிகாரம் வேறுபாட்டைக் காட்டாது, மூச்சு காட்டும். ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் பேச முடிந்தால் மெல்லோட்டம். இரண்டு மூன்று சொற்களுக்குமேல் வராவிட்டால் கடும் ஓட்டம். விலையுயர்ந்த கைக்கடிகாரங்கள் காட்டும் எண்களைவிட இச்சோதனை நம்பத்தக்கது, செலவும் இல்லை.

காற்றையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். தென்மேற்குப் பருவத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியே மேற்கிலிருந்து காற்று ஓயாது வீசும். அப்பகுதியில் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். அக்காலத்தில் மேற்கு நோக்கி ஓடுவோர் காற்றை எதிர்த்து ஓடுகின்றனர். தென்காசியிலிருந்து குற்றாலம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர். போகும்போது காற்றும் மேடும் எதிர்க்கும், திரும்பும்போது இரண்டும் துணைநிற்கும். போகும்போது நேரம் கூடிவிட்டதே என்று வருந்தி முடுக்குபவர், மெல்லோட்ட நாளைத் தம்மை அறியாமலே கடும் நாளாக்கிக்கொள்கிறார். மேட்டில் ஓடும் பயிற்சியை வேண்டுமென்றே செய்தால் அது கால்களுக்கு வலுவூட்டும். லிடியார்டும் அதைத்தான் செய்வித்தார். வேண்டாத நாளில் அது தானாக வந்து சேர்வதுதான் சிக்கல்.

தரையும் கணக்கில் அடங்கும். தார்ச்சாலை கடினமானது, மழையற்ற நாள்களில் கரிசல் வண்டிப்பாதையும் கண்மாய்க் கரையும் கால்களுக்கு இதமானவை. மழை பெய்துவிட்டால் கரிசல்மண் காலணியில் அப்பிக்கொண்டு ஓடவிடாது. அன்று பள்ளித் திடலே தகுந்த இடம்.

எலும்பின் பொறுமை

திருக்குறளில் வலியறிதல் என்றோர் அதிகாரம் உண்டு. வண்டியில் ஏற்றும் மயிலிறகை அங்கே வள்ளுவர் உவமையாக்கியது அரசியல் கருதி. எனினும் ஓட்டப் பயிற்சிக்கு அதைவிடப் பொருத்தமான உவமை கிடைப்பதரிது. ஒரு கிலோமீட்டரில் ஓட்டக்காரரின் பாதம் ஏறத்தாழ ஆயிரம் முறை தரையில் படுகிறது. ஒவ்வொரு முறையும் உடல் எடையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட விசை எலும்பில் இறங்குகிறது. ஓர் அடி எதையும் செய்துவிடாது. கோடையில் தொடங்கி ஆடி முடிவதற்குள் விழுந்த அடிகள் சில இலட்சங்கள். இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பயிற்சிக்குப் பழகிவிடும். தசைநாணும் எலும்பும் பழகப் பல திங்கள் ஆகும். மூச்சு இடம்கொடுக்கிறதே என்று தொலைவையும் விரைவையும் கூட்டுபவருக்கு எலும்பில் மயிரிழை விரிசல் காணும் இடம் இதுதான். ஓடத் தொடங்கியதும் வலித்துச் சற்றுநேரத்தில் மறையும் வலி எச்சரிக்கை. ஓட ஓட மிகும் வலி, எலும்பின் ஒரே புள்ளியை அழுத்தினால் வலிப்பது, இரவில் படுத்திருக்கும்போதும் வலிப்பது ஆகியவை கண்டால் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் செல்லவேண்டும். தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாள் ஓடுவது பயன் தராது.

பதினொன்றாம் வகுப்பு மாணவர்க்கு எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. மும்பை மாரத்தான் உள்ளிட்ட பெரிய போட்டிகளில் முழு மாரத்தானுக்கு 18 வயது நிறைந்திருக்கவேண்டும் என்னும் விதி இருப்பது இதனாலேயே. போதிய உணவின்றித் தொலைவைக் கூட்டும் மாணவியர்க்கு மாதவிடாய் தள்ளிப்போவதோ நின்றுவிடுவதோ உண்டு. அதனைக் கடும் பயிற்சியின் அடையாளமாகக் கருதிப் பெருமைகொள்ளலாகாது. உடலுக்கு ஆற்றல் போதவில்லை, எலும்பு மெலிகிறது என்பதன் அறிகுறி அது. வீட்டில் தயங்காது சொல்லவேண்டிய செய்தி.

அப்படியாயின் இவ்வயதில் எதற்குப் பயில்வது? தமிழ்நாடு காவலர் உடற்திறன் தேர்வில் ஆடவர்க்கு 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடவேண்டும். மகளிர்க்கு 400 மீட்டர் ஓட்டம். இவற்றுக்கும் மாரத்தானுக்கும் அளவு வேறு; கொள்கை ஒன்றே. 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிப்பதென்றால் 400 மீட்டர் ஒரு சுற்றுக்கு 112 நொடி. வாரத்துக்கு நான்கு நாள், மொத்தம் 20 கிலோமீட்டர் ஓடும் மாணவர் ஒருவர், அவற்றுள் மூன்று நாளை மெல்லோட்டத்துக்கு ஒதுக்கலாம். அவற்றுள் ஒன்று 7 கிலோமீட்டர் வரை நீளலாம். நான்காம் நாள் திடலில் உடலைச் சூடேற்றிய பின், 400 மீட்டரை 106 நொடியளவில் ஓடி, இரண்டு மூன்று நிமிடம் நடந்து, மீண்டும் ஓடுதல் என ஆறு முறை. முதல் சுற்றை 90 நொடியில் பாய்ந்து முடித்து ஆறாம் சுற்றை 130 நொடியில் இழுத்துக்கொண்டு வருவது விரைவுப் பயிற்சியாகாது. ஆறும் ஒரே நேரத்தில் அமையவேண்டும். எட்டு வாரம் இவ்வாறு ஓடியவருக்கு 112 நொடி என்பது அச்சுறுத்தும் எண்ணாக இராது. மகளிர் தேர்வுக்குப் பயில்வோர் 400 மீட்டருக்கு மாற்றாக 200 மீட்டரை இதே முறையில் ஓடலாம்.

தேர்வோ போட்டியோ நெருங்கும் நாள்களில் பலர் அச்சத்தால் கூடுதலாக ஓடுகின்றனர். உடல் இறுதி வாரத்தில் ஓடியதன் பயனைத் தேர்வு நாளுக்குள் பெற்றுவிட இயலாது. களைப்பை மட்டும் சுமந்து செல்லும். மாரத்தான் ஓட்டக்காரர்கள் போட்டிக்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்களில் தொலைவைப் படிப்படியாகப் பாதியளவுக்குக் குறைத்துக்கொள்வர். ஆனால், விரைவை அடியோடு விட்டுவிடமாட்டார்கள். கால்கள் அவ்வேகத்தை மறவாதிருக்கச் சிறிதளவு வைத்துக்கொள்வர். 1,500 மீட்டருக்குச் செல்லும் மாணவருக்கு ஒரு வாரக் குறைப்புப் போதும். தேர்வுக்கு நான்கு நாள் முன்பு ஆறுக்குப் பதில் மூன்று சுற்றுகள், அதே 106 நொடியில். பின்னர் ஒருநாள் 3 கிலோமீட்டர் மெல்லோட்டம். முந்தைய நாள் நன்றாக உண்டு, இரவு ஒன்பது மணிக்கே உறங்கிவிடுதல். தேர்வுக் களத்துக்குப் பழகிய காலணியையே அணிந்து செல்லவேண்டும். புதுக்காலணி வாங்கியிருந்தால் அது இரண்டு வாரமாவது திடலில் மிதிபட்டிருக்கவேண்டும்.